கேஸ் ஷீட்டில் இல்லாத வரி

மூளையின் நடுக்கோடு 9 மில்லிமீட்டர் இடப்புறம் விலகியிருக்கிறது என்று ஸ்கேன் பார்த்த கதிரியக்க மருத்துவர் எழுதுகிறார். மண்டையோட்டைத் திறந்து, மூளையுறைக்கு அடியில் சேர்ந்திருந்த ரத்தக்கட்டை எடுத்த அறுவை மருத்துவர், ‘வலப்பக்க சப்டியூரல் ரத்தக்கட்டு அகற்றப்பட்டது’ என்று அறுவைக் குறிப்பில் எழுதிக் கையெழுத்திடுகிறார். தீவிர சிகிச்சைப் பிரிவின் செவிலியர், வலக்கண் பாவை விரிந்திருந்ததையும் நாடித்துடிப்பு குறைந்துகொண்டே வந்ததையும் மணி போட்டுக் குறித்துவைக்கிறார். மூவரும் பார்த்தது ஒரே நிகழ்வை. மண்டைக்குள் மூளை அமுங்கிக்கொண்டிருந்தது. ஆனால் ‘மூளை அமுக்கம்’ என்கிற நோய்முடிவை மூவரில் ஒருவரும் எழுதவில்லை.

அமெரிக்க மருத்துவமனை ஒன்றின் இத்தகைய சார்ட் சேலத்தில் ஒரு கணினித் திரையில் திறக்கும்போது, அதைப் படித்து நோய்களுக்குக் குறியீடு போடும் கோடருக்கு நடந்தது என்ன என்பது விளங்கிவிடும். விளங்கினாலும் அந்த நோய்க்குரிய குறியீட்டை அவர் போட முடியாது. நோயாளிக்குச் சிகிச்சை தரும் மருத்துவர் தம் எழுத்தில் சொல்லாத நோயைக் கோடர் தாமாகச் சேர்க்கக் கூடாது என்பது விதி. ஸ்கேன் அறிக்கையை மட்டும் வைத்துக்கொண்டும் சேர்க்க முடியாது. மருத்துவருக்குக் கேள்வி அனுப்ப வேண்டும். பதில் வரும்வரை அந்த சார்ட் நிறுத்திவைக்கப்படும்.

அந்தக் கோடரின் ஊர் ஆட்டையாம்பட்டியாக இருக்கலாம். சேலத்துக்கும் திருச்செங்கோட்டுக்கும் இடையே, வீரபாண்டி ஒன்றியத்தில் இருக்கும் பேரூராட்சி அது. வெளியூர்க்காரர்கள் முறுக்கைச் சொல்லி இந்த ஊரை அடையாளம் காண்பார்கள். உள்ளூரில் தறிச்சத்தமே அதிகம். இந்த வட்டாரத்தில் உயிரியல், நர்சிங், பார்மசி, பிசியோதெரபி படித்த பிள்ளைகளுக்குக் கடந்த இருபது ஆண்டுகளில் புதிதாகத் திறந்த வாசல்களில் ஒன்று மெடிக்கல் கோடிங். சேலத்திலேயே சோனா குழுமத்தைச் சேர்ந்த வீ டெக்னாலஜிஸ் இந்த வேலையைச் செய்கிறது. சென்னைக்கும் திருச்சிக்கும் கோவைக்கும் போய்ச் சேர்ந்தவர்களும் உண்டு. அமெரிக்க மருத்துவமனைகளின் குறிப்புகளை வரிவரியாகப் படித்து, ஒவ்வொரு நோய்க்கும் ஒவ்வொரு சிகிச்சைக்கும் எண்ணும் எழுத்தும் கலந்த குறியீடு தருவது இவர்களது வேலை. ஒரு தவறு நேர்ந்தால் தணிக்கையில் பிடிபடும். நூற்றுக்குத் தொண்ணூற்றைந்துக்குக் கீழே துல்லியம் இறங்கக் கூடாது என்பது இத்தொழிலில் சாதாரணமாகப் பேசப்படும் அளவு.

இந்தத் துல்லியம் நம் வட்டாரத்திலேயே இருந்தும், நம் வட்டாரத்துத் தலைக்காயங்களின் பதிவுக்கு அது வந்து சேரவில்லை. என் வாதம் இதுதான். அதைச் சொல்ல, மூளை அமுக்கம் என்றால் என்ன என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

வளர்ந்த மனிதரின் மண்டையோட்டுக்குள் ஏறத்தாழ 1,400 முதல் 1,500 மில்லிலிட்டர் இடம் இருக்கிறது. அதில் எண்பது விழுக்காடு மூளை. மீதியை ரத்தமும் மூளைத் தண்டுவட நீரும் பாதிப்பாதியாகப் பங்குபோட்டுக்கொள்கின்றன. ஓடு விரியாது. ஆகவே ஒன்று கூடினால் மற்றொன்று குறைந்தாக வேண்டும். எடின்பரோவின் அலெக்சாண்டர் மன்ரோ 1783இலும் அவருடைய மாணவர் ஜார்ஜ் கெல்லி 1824இலும் சொன்ன இந்த உண்மைதான் இன்றைக்கும் நரம்பு அறுவையின் அடிப்படை. ரத்தக்கட்டு வளரும்போது முதலில் நீர் தண்டுவடத்தை நோக்கி வெளியேறி இடம் தருகிறது. பிறகு சிரை ரத்தம் இடம் தருகிறது. அந்த அளவு வரை நோயாளி எழுந்து உட்காருவார், பேசுவார், தண்ணீர் கேட்பார். இரண்டும் தீர்ந்த பிறகு சேரும் ஒவ்வொரு மில்லிலிட்டருக்கும் அழுத்தம் செங்குத்தாக ஏறுகிறது. இயல்பில் 7 முதல் 15 மில்லிமீட்டர் பாதரசம் வரை இருக்கும் உள்ளழுத்தம் 22ஐத் தாண்டினால் சிகிச்சை தர வேண்டும் என்பது மூளைக்காய அறக்கட்டளை 2016இல் வெளியிட்ட நெறிமுறை. அதற்கும் மேலே போனால் மூளை, தனக்குக் கிடைக்கும் சந்துகளின் வழியே பிதுங்கத் தொடங்கும். பக்கவாட்டு மூளையின் உள்விளிம்பு கீழே இறங்கி மூன்றாம் மூளை நரம்பை நெரிக்கும்போது அந்தப் பக்கத்துக் கண்பாவை விரிகிறது. மூளைத்தண்டு நெரிபடும்போது ரத்த அழுத்தம் ஏறும், நாடி தளரும், மூச்சு சீர்குலையும். நூறாண்டுகளுக்கு முன்பே ஹார்வி குஷிங் விவரித்த மூன்று அறிகுறிகள் இவை.

சென்னைப் பொது மருத்துவமனையில் 1950இல் பி. ராமமூர்த்தி நரம்பு அறுவைப் பிரிவைத் தொடங்கியபோது சி.டி. ஸ்கேன் கிடையாது. அது 1971இல் லண்டனில்தான் முதல் நோயாளிக்கு எடுக்கப்பட்டது. பாவையையும் நாடியையும் நினைவு தப்பும் வரிசையையும் பார்த்து எந்தப் பக்கம் துளையிடுவது என்று முடிவெடுத்த காலம் அது. அப்போது பார்த்ததை எழுதிவைப்பதும் நோயைக் கண்டுபிடிப்பதும் ஒரே வேலையாக இருந்தன. மணிக்கு மணி எழுதிய குறிப்பே ஸ்கேனுக்கு ஈடாக நின்றது. இன்று படம் வந்துவிட்டதால், படத்தில் தெரிவதை எழுத வேண்டுமா என்ற எண்ணம் மருத்துவர்களிடம் வந்துவிட்டது என்று நினைக்கிறேன். படத்தில் தெரிகிறதே, அறுவையும் செய்துவிட்டோமே, இனி எதற்கு எழுத வேண்டும்?

குறியீட்டு முறை இதற்குச் சொல்லும் பதில் தெளிவானது. உலக சுகாதார நிறுவனத்தின் பத்தாம் நோய் வகைப்பாட்டில் (ஐ.சி.டி. 10) ஜி93.5 என்பது மூளை அமுக்கம். மூளையும் மூளைத்தண்டும் பிதுங்குவதும் அதற்குள்ளேயே அடங்கும். ஆனால் அடிபட்டதால் நேர்ந்த அமுக்கத்துக்கு அதில் இடமில்லை. அது எஸ்06 என்ற மண்டைக்காயக் குடும்பத்துக்குப் போய்விடும். அங்கேயும் ‘பரவலான காயம்’, ‘ஓரிடத்துக் காயம்’ என்ற பொதுத் தலைப்புகளில் கரைந்துபோகும். அமெரிக்கா 2015 அக்டோபர் 1 முதல் இந்த வகைப்பாட்டின் தன் விரிந்த வடிவத்தைப் பயன்படுத்துகிறது. அதிலும் முதல் ஆறு ஆண்டுகள் இந்தக் குறை நீடித்தது. 2021 அக்டோபர் 1இல்தான் எஸ்06.ஏ என்ற தனிப்பிரிவு வந்தது. பிதுக்கம் இல்லாத காய அமுக்கத்துக்கு எஸ்06.ஏ0, பிதுக்கம் உள்ளதற்கு எஸ்06.ஏ1. இவற்றைத் தனியே போட முடியாது. எந்தக் காயத்தால் அமுக்கம் வந்தது என்பதை முன்னால் எழுதி, இதைப் பின்னால் சேர்க்க வேண்டும்.

ஒரு சப்டியூரல் ரத்தக்கட்டை எடுத்துக்கொள்வோம். அது அடிபட்டு வந்ததா, தானாக வந்ததா என்று மருத்துவர் எழுத வேண்டும். அடிபட்டு வந்திருந்தால் எஸ்06.5, தானாக வந்திருந்தால் ஐ62.0. முன்னதோடு எஸ்06.ஏ போகும், பின்னதோடு ஜி93.5 போகும். தானாக வந்ததென்றால் அது புதியதா, இடைப்பட்டதா, நாட்பட்டதா என்பதற்கு ஓர் இலக்கம். அடிபட்டதென்றால் நினைவு தப்பியதா, எவ்வளவு நேரம் என்பதற்கு ஓர் இலக்கம்: 30 நிமிடத்துக்குள், 31 முதல் 59 நிமிடம், ஆறு மணி நேரத்துக்குள், ஒரு நாளுக்குள், அதற்கு மேல். ஒரு நாளுக்கு மேல் என்றால் பழைய நிலைக்குத் திரும்பினாரா, திரும்பாமலே உயிரோடு இருக்கிறாரா என்பதற்கும், எவ்வளவு நேரமானாலும் நினைவு திரும்பாமலே இறந்தாரா என்பதற்கும் வேறுவேறு இலக்கங்கள். நினைவு தப்பியதா என்பதே தெரியவில்லை என்றால் அதையும் குறிக்க 2022 அக்டோபரில் ஓர் எழுத்து சேர்ந்தது. கடைசியாக, இது முதற்கட்டச் சிகிச்சையா, தொடர் சிகிச்சையா, பின்விளைவா என்பதற்கு ஏழாவது எழுத்து. ஒரே ரத்தக்கட்டுக்கு இத்தனை கேள்விகள். இத்தனைக்கும் பதில் கோடரிடம் இல்லை. நோயாளியோடு வந்தவரிடம் இருக்கிறது. அவரிடம் கேட்டு எழுதினால்தான் சார்ட்டுக்கு வரும்.

நாட்பட்ட ரத்தக்கட்டில் இந்தக் கேள்வியின் எடை கூடும். வயதானவர்களின் மூளை சற்றுச் சுருங்கியிருப்பதால் மெல்லக் கசியும் ரத்தத்துக்கு வாரக்கணக்கில் இடம் கிடைக்கும். நடை தள்ளாடும், பேச்சு குழறும், வீட்டில் வயசாகிவிட்டது என்று விட்டுவிடுவார்கள். மருத்துவமனைக்கு வரும்போது விழுந்தது யாருக்கும் நினைவிருக்காது. “எங்கயாவது விழுந்தாருங்களா?” என்றால் “இல்லீங்க டாக்டர்” என்பார் மகன். பின்னால் நிற்கும் மருமகள், “மாமா போன மாசம் வாசப்படியில தடுக்கி விழுந்தாருங்களே, மண்ட கூட வீங்கியிருந்துச்சு” என்பார். அந்த ஒரு வாக்கியம் நோயின் காரணத்தையே மாற்றுகிறது. ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறாரா என்பதும் அப்படித்தான். கேட்காத வரலாறு எந்தக் குறியீட்டிலும் வராது.

நினைவுநிலைக்கான கிளாஸ்கோ அளவுகோல் இதில் கொஞ்சம் நல்ல நிலைமையில் இருக்கிறது. கிரஹாம் டீஸ்டேலும் பிரையன் ஜென்னெட்டும் 1974இல் வெளியிட்ட இந்த அளவு, கண் திறத்தல், பேச்சு, அசைவு மூன்றையும் கூட்டி 3 முதல் 15 வரை மதிப்பிடுகிறது. அமெரிக்க விதிகள், இந்த மதிப்பைச் செவிலியரோ ஆம்புலன்ஸ் உதவியாளரோ எழுதியிருந்தாலும் கோடர் எடுத்துக்கொள்ளலாம் என்று விதிவிலக்கு தருகின்றன. ஆனால் எந்த நோயால் அந்த மதிப்பு வந்தது என்பதை மருத்துவர் எழுதியிருக்க வேண்டும்.

மருத்துவருக்கு அனுப்பும் கேள்வி குறித்தும் சொல்ல வேண்டும். இந்தத் தொழிலில் நான் மிகவும் மதிக்கும் பகுதி இது. ‘நடுக்கோடு 9 மி.மீ. விலகியுள்ளது, பாவை விரிந்துள்ளது, மானிட்டால் கொடுக்கப்பட்டது, அவசர அறுவை செய்யப்பட்டது. இவற்றுக்குரிய நோய்முடிவு உண்டென்றால் குறிப்பிடவும்’ என்று கேட்கலாம். பொருந்தக்கூடிய விடைகளைத் தரலாம். ‘வேறு’ என்பதும் ‘முடிவு செய்ய இயலவில்லை’ என்பதும் அவற்றில் இருக்க வேண்டும். ‘மூளை அமுக்கம் என்று எழுதித் தாருங்கள்’ என்று கேட்கக் கூடாது. அந்த விடையால் மருத்துவமனைக்கு எவ்வளவு பணம் கூடும் என்று ஒரு சொல்லும் சொல்லக் கூடாது. அமெரிக்காவின் மருத்துவ ஆவணத் தொழில் அமைப்புகள் வகுத்திருக்கும் நெறி இது. சான்றுகளை அடுக்கிவைத்து, முடிவை மருத்துவரிடமே விடும் பண்பு இந்தக் கேள்வியில் இருக்கிறது.

பணத்தைச் சொல்லாமல் விடக் கூடாது. அமெரிக்க அரசின் மெடிகேர் காப்பீடு 1983 முதல், நோயாளி எத்தனை நாள் படுத்தார், எத்தனை ஊசி போட்டுக்கொண்டார் என்று கணக்கிடாமல், நோய்க்குழுவுக்கு இவ்வளவு என்று மருத்துவமனைக்குத் தருகிறது. 2007 முதல் நோயின் தீவிரத்தைப் பொறுத்து அந்தக் குழுக்கள் பிரிக்கப்பட்டன. மூளைக்கட்டிக்காக ஓட்டைத் திறந்து அறுவை செய்தால் மூன்று படிகள்: பெருஞ்சிக்கல் உள்ளது, சிக்கல் உள்ளது, இரண்டும் இல்லாதது. ஜி93.5 பெருஞ்சிக்கல் பட்டியலில் இருக்கிறது. மேல்படிக்கும் கீழ்ப்படிக்கும் இடையே தொகை இருமடங்கை நெருங்கும். ஆகவே அந்த ஒரு வரி இல்லாவிட்டால் மருத்துவமனைக்கு நட்டம். இல்லாத அமுக்கத்தை எழுதினால் மோசடி. பொய்க்கோரிக்கைச் சட்டப்படி அரசு அடைந்த இழப்பைப் போல மூன்று மடங்கு கட்ட நேரும். காப்பீட்டு நிறுவனங்களின் தணிக்கையாளர்கள் இந்தக் குறியீட்டைத் தேடிப் பிடித்துக் கேள்வி கேட்பதும் இதனால்தான். அமுக்கத்தை யார் மதிப்பிட்டார், அதற்கென்று என்ன சிகிச்சை, என்ன கண்காணிப்பு என்று கேட்பார்கள். ஸ்கேனில் ஓரிரு மில்லிமீட்டர் விலகல் மட்டும் இருந்து, அதற்காக ஒன்றும் செய்யப்படவில்லை என்றால் தொகையை மறுப்பார்கள்.

இந்த அமைப்பை நாம் அப்படியே கொண்டுவர வேண்டும் என்று நான் சொல்லவில்லை. நோயைப் பணத்தோடு இவ்வளவு நெருக்கமாகக் கட்டிப்போட்டால், மருத்துவரின் பேனா நோயாளியைப் பார்க்காமல் பில்லைப் பார்க்கத் தொடங்கும். அமெரிக்க மருத்துவர்களே இதைப் பற்றி வெளிப்படையாகக் குறைப்பட்டுக்கொள்கிறார்கள். ஆனால் இந்த அமைப்பின் நடுவே நாற்பதாண்டுகளாக உருவான ஒழுக்கம் ஒன்று இருக்கிறது. நோயாளியின் உடலில் நடந்ததை அதன் பெயர் சொல்லி, காரணம் சொல்லி, பக்கம் சொல்லி, நேரம் சொல்லி எழுது என்ற ஒழுக்கம். அது பணத்துக்காகப் பிறந்திருக்கலாம். அதன் பயன் பணத்தோடு முடிவதில்லை.

இனி நம் சாலைக்கு வருவோம். ஒன்றிய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் 2022ஆம் ஆண்டு அறிக்கைப்படி இந்தியாவில் சாலை விபத்துகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். மாநிலங்களில் விபத்துகளின் எண்ணிக்கையில் முதலிடம் தமிழ்நாட்டுக்கு: 64,105. இங்கே இறந்தவர்கள் 17,884 பேர். நாடு முழுவதும் தலைக்கவசம் அணியாமல் இறந்தவர்கள் 50,029 பேர். சேலம், நாமக்கல் சமவெளி லாரிகளின் பூமி. நாமக்கல்லும் சங்ககிரியும் லாரித் தொழிலால் வாழ்பவை, திருச்செங்கோடு போர்வெல் வண்டிகளால் வாழ்வது. அந்தச் சாலைகளிலேயே தறிக்குப் போகிறவர்களும் கல்லூரிக்குப் போகிறவர்களும் மொபெட்டிலும் பைக்கிலும் போகிறார்கள். தலையில் அடிபட்டால் 108 வரும். சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவமனைக்கோ, அரியானூர்ப் பக்கத்துத் தனியார் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ, சேலத்து நரம்பு அறுவை மையங்களுக்கோ கொண்டுபோவார்கள். அங்கே வேலை நடக்கிறது. இரவு இரண்டு மணிக்கும் ஓட்டைத் திறந்து ரத்தக்கட்டை எடுக்கும் மருத்துவர்களும் மயக்க மருத்துவர்களும் செவிலியர்களும் இந்த மாவட்டங்களில் இருக்கிறார்கள். அவர்களது கைத்திறனைப் பற்றி எனக்கு எந்தக் குறையும் இல்லை. குறை, அவர்கள் செய்ததும் கண்டதும் தாளில் நிற்காமல் போவதில் இருக்கிறது.

தலைக்காயத்தோடு வீடு திரும்பியவர்களின் டிஸ்சார்ஜ் சம்மரிகளைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். நோய்முடிவு என்ற இடத்தில் பெரும்பாலும் ‘ஆர்.டி.ஏ. (சாலை விபத்து), தலைக்காயம்’ என்று இருக்கும். கூடிப்போனால், சப்டியூரல் ரத்தக்கட்டைக் குறிக்க ‘எஸ்.டி.எச்.’ என்று மூன்றெழுத்து. எந்தப் பக்கம் என்பது சிலவற்றில் இருக்காது. வந்தபோது நினைவுநிலை எவ்வளவு, போகும்போது எவ்வளவு என்பது இருக்காது. மூளை அமுங்கியிருந்ததா, பிதுங்கியதா என்பது அநேகமாக இருக்காது.

இதனால் வரும் கேடு கற்பனையானதல்ல. வீங்கிய மூளைக்கு இடம் கொடுக்க ஓட்டின் ஒரு பகுதியை எடுத்துவிடும் அறுவையில், எடுத்த எலும்பை நோயாளியின் வயிற்றுத் தோலுக்கு அடியில் வைத்துப் பாதுகாப்பது நம் நாட்டு மருத்துவமனைகளில் வழக்கமான முறை. சில மாதம் கழித்து அதை எடுத்துத் திரும்பப் பொருத்துவார்கள். அந்த நோயாளி வேறொரு ஊருக்கு வேலைக்குப் போய், அங்கே வலிப்பு வந்து, அறிமுகமில்லாத மருத்துவமனையில் சேர்க்கப்பட்டால், ஓட்டின் எந்தப் பகுதி இல்லை, எலும்பு எங்கே இருக்கிறது, ஏன் எடுத்தார்கள், வலிப்பு மாத்திரை எத்தனை மாதத்துக்குச் சொன்னார்கள் என்பதையெல்லாம் சொல்ல அந்த ஒரு தாள்தான் இருக்கிறது. ஓடில்லாத பக்கம் அழுந்தப் படுக்கவைக்கக் கூடாது என்பதுகூட அதைப் பார்த்துத்தான் தெரிய வேண்டும்.

விபத்து இழப்பீட்டுக்கு மோட்டார் வாகன விபத்துத் தீர்ப்பாயத்தில் வழக்குப் போடும்போதும் இதே தாள்தான். மோட்டார் வாகனச் சட்டத்தின் 166ஆம் பிரிவில் மனுப் போடும் குடும்பம் ஏ.ஆர். காப்பி (மருத்துவமனை விபத்துப் பதிவேட்டின் நகல்), காயச் சான்று, டிஸ்சார்ஜ் சம்மரி, மருத்துவக் குழுவின் ஊனச் சான்று இவற்றை வைத்து நிற்கிறது. ஒரு கை செயலிழந்தால் கண்ணால் பார்க்கலாம். மூளை அமுங்கி மீண்டவரின் ஞாபக மறதி, கோபம், ஒரு வேலையில் நிலைக்க முடியாமை இவற்றைக் கண்ணால் பார்க்க முடியாது. காயம் எவ்வளவு கடுமையாக இருந்தது என்பதற்கு முதல் நாள் எழுதிய குறிப்பு இருந்தால்தான் இரண்டாண்டுக்குப் பிறகு அந்த மறதியைக் காயத்தோடு இணைத்துப் பேச முடியும். வெறும் ‘தலைக்காயம்’ என்றிருந்தால் எதிர்த்தரப்பு வழக்கறிஞருக்கு வேலை சுலபம்.

இறந்தவர்கள் விஷயத்தில் நிலைமை இன்னும் மோசம். 1969ஆம் ஆண்டின் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டப்படி, மருத்துவமனையில் இறந்தால் மருத்துவர் படிவம் 4இல் மரணக் காரணம் எழுத வேண்டும். அந்தப் படிவம் ஒரு சங்கிலியைக் கேட்கிறது. முதல் வரியில் உடனடிக் காரணம், அதற்குக் கீழே அதை உண்டாக்கியது, அதற்கும் கீழே எல்லாவற்றையும் தொடங்கிவைத்தது. ஒவ்வொன்றுக்கும் எதிரே எவ்வளவு நேரம் என்பது. முறையாக எழுதினால் இப்படி வரும்: மூளை அமுக்கமும் பிதுக்கமும், ஆறு மணி நேரம். அதற்குக் காரணம் வலப்பக்கப் புதிய சப்டியூரல் ரத்தக்கட்டு, எட்டு மணி நேரம். அதற்குக் காரணம் இருசக்கர வாகனத்தில் சென்றபோது லாரி மோதியது, எட்டு மணி நேரம். கீழே தனியாக, உடனிருந்த நோயாகச் சர்க்கரை நோய். ஆனால் முதல் வரியில் ‘இதயமும் மூச்சும் நின்றன’ என்று எழுதி முடித்துவிடும் பழக்கம் நாடெங்கும் இருக்கிறது. இதயம் நிற்காமல் யாரும் இறப்பதில்லை. ஆகவே அந்த வரி எதையும் சொல்வதில்லை. இந்தியத் தலைமைப் பதிவாளரின் 2020ஆம் ஆண்டு அறிக்கைப்படி, பதிவான மரணங்களில் மருத்துவச் சான்றோடு காரணம் எழுதப்பட்டவை 22.5 விழுக்காடுதான். எழுதப்பட்டவற்றிலும் இப்படிப்பட்ட வரிகள் கலந்தால், எத்தனை பேர் மூளை அமுங்கி இறந்தார்கள், எத்தனை பேருக்கு அறுவை தாமதமாயிற்று என்று கேட்கும் ஆய்வாளருக்குக் கையில் என்ன இருக்கும்? சென்னை ஐ.ஐ.டி. உருவாக்கிய ஒருங்கிணைந்த சாலை விபத்துத் தரவுத்தளம் விபத்து நடந்த இடத்தையும் வாகனத்தையும் காவல்துறை வழியாக நன்றாகவே பதிகிறது. விபத்துக்குப் பிறகு மண்டைக்குள் நடந்ததை மருத்துவமனைதான் பதிய வேண்டும்.

ஏன் எழுதப்படுவதில்லை? மருத்துவர்களின் அலட்சியம் என்று சொல்லிவிட்டுப் போவது நியாயமில்லை. அவசரப் பிரிவில் ஒரு பயிற்சி மருத்துவர் ஒரே நேரத்தில் எத்தனை பேரைப் பார்க்கிறார் என்பதை அங்கே காத்திருந்த எவரும் அறிவார்கள். சம்மரி எழுதுவது அவருக்கு நாளின் கடைசி வேலை. இன்னொரு காரணம் அமைப்பிலேயே இருக்கிறது. 2021 டிசம்பர் 18இல் மேல்மருவத்தூரில் தொடங்கிய ‘இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48’ திட்டம், விபத்துக்குப் பிந்தைய முதல் 48 மணி நேரச் சிகிச்சையை எந்த மாநிலத்தவருக்கும் இலவசமாகத் தருகிறது. 81 சிகிச்சை முறைகள், தொடக்கத்தில் ஒருவருக்கு ஒரு லட்சம் ரூபாய் வரை. எத்தனையோ குடும்பங்களைக் கடனிலிருந்து காத்த திட்டம். இதிலும் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்திலும் தொகை செய்த சிகிச்சைக்கு. நோயின் தீவிரத்துக்குத் தனிக்கணக்கு இல்லை. ஓட்டைத் திறந்தோம் என்பதற்குச் சான்று போதும். மூளை அமுங்கியிருந்தது என்று எழுதினாலும் எழுதாவிட்டாலும் ஒன்றும் மாறாது. அமெரிக்காவில் அந்த வரியைப் பணம் எழுதவைக்கிறது. இங்கே எழுதவைக்க எதுவும் இல்லை. தனியார் காப்பீட்டில் மருத்துவமனை நிரப்பும் கோரிக்கைப் படிவத்தில் ஐ.சி.டி. 10 குறியீட்டுக்குக் கட்டங்கள் இருக்கின்றன. அதை முறையாகப் பயின்றவர்கள் எல்லா மருத்துவமனைகளிலும் இல்லை.

பயின்றவர்கள் எங்கே இருக்கிறார்கள் என்பது நமக்குத் தெரியும். ஆட்டையாம்பட்டியிலும் மல்லசமுத்திரத்திலும் ராசிபுரத்திலும் வீடு இருக்கிற பிள்ளைகள், ஒஹையோவில் ஒரு பாட்டியின் மூளை எந்தப் பக்கம் அமுங்கியது, எத்தனை நிமிடம் நினைவு தப்பியது என்பதைப் பிழையில்லாமல் பதிகிறார்கள். அவர்கள் செய்வது நேர்மையான வேலை. அதில் குறை சொல்ல எதுவுமில்லை. அந்தப் பயிற்சி பெற்ற நாலைந்து பேரை ஒவ்வொரு மாவட்டத் தலைமை மருத்துவமனையின் மருத்துவப் பதிவேட்டுப் பிரிவிலும் அரசு நியமித்தால் போதும். தலைக்காய கேஸ் ஷீட் ஒவ்வொன்றையும் நோயாளி வார்டில் இருக்கும்போதே அவர்கள் படிக்கட்டும். விடுபட்டதை மருத்துவரிடம் கேட்கட்டும், முடிவைச் சொல்லித்தராமல் சான்றை மட்டும் காட்டி. மருத்துவரின் நேரம் இதில் மிச்சமாகும். கல்லூரிகளும் இதில் செய்யக்கூடியது உண்டு. மருத்துவ மாணவர்களுக்குப் படிவம் 4 எழுதுவதைத் தேர்வுக்காக ஒரு மணி நேரம் சொல்லிக்கொடுப்பதோடு நிறுத்தாமல், வார்டில் எழுதவைத்துத் திருத்த வேண்டும். நோயாளியின் பெயர் வெளியே போகாமல் காக்கும் கட்டுப்பாடும் கோடர்களுக்கு ஏற்கெனவே பழக்கமானது. அமெரிக்காவின் 1996ஆம் ஆண்டுத் தனியுரிமைச் சட்டத்தின்கீழ் அவர்கள் தினமும் வேலை செய்கிறார்கள்.

செலவு கூடும் என்று சொல்லப்படும். கூடும்தான். அமுக்கம் நேர்ந்தவர்களில் எத்தனை பேர் எந்த ஊரிலிருந்து எவ்வளவு நேரம் கழித்து அறுவை மேசைக்கு வந்தார்கள் என்று தெரிந்தால், அடுத்த சி.டி. ஸ்கேன் கருவியை எந்தத் தாலுகா மருத்துவமனையில் வைப்பது, நரம்பு அறுவை மருத்துவர் எங்கே இரவில் இருக்க வேண்டும் என்று அரசு முடிவெடுக்க முடியும். இப்போது அந்த முடிவுகள் அனுபவத்தையும் கோரிக்கை மனுக்களையும் வைத்தே எடுக்கப்படுகின்றன.

அரசு செய்யும்வரை காத்திருக்க வேண்டாத பகுதி ஒன்று உண்டு. அது உங்கள் கையில் இருக்கிறது. வீட்டில் ஒருவர் தலையில் அடிபட்டு மருத்துவமனையில் சேர்ந்தால், எப்போது விழுந்தார், எத்தனை நிமிடம் நினைவில்லாமல் இருந்தார், நடுவில் எழுந்து பேசினாரா, என்ன மாத்திரை சாப்பிடுகிறார் என்பதைக் கேட்கும்வரை காத்திராமல் மருத்துவரிடம் சொல்லுங்கள். டிஸ்சார்ஜ் ஆகும் நாளில் பில்லை மட்டும் சரிபார்த்துவிட்டுக் கிளம்பாதீர்கள். சம்மரியில் எந்தப் பக்கம் என்று இருக்கிறதா, ஸ்கேனில் மூளை அமுங்கியிருந்ததாகச் சொன்னார்களே, அது எழுதப்பட்டிருக்கிறதா, எலும்பை எடுத்திருந்தால் எங்கே வைத்திருக்கிறார்கள் என்று இருக்கிறதா, வந்தபோதும் போகும்போதும் நினைவுநிலை எவ்வளவு என்று இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால், “இதையும் எழுதிக் குடுங்க டாக்டர்” என்று வார்டை விட்டு இறங்குவதற்கு முன் மரியாதையாகக் கேளுங்கள். கேட்பது நோயாளியின் உரிமை.